இருபது பிராங்க் லாபம்: பெர்த் வெய்லும் சிறிய கேலரியின் கணக்கும்

1902 ஏப்ரலில், பாரிஸில் ஒரு சின்னக் கடையில், பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸின் ஓவியம் ஒன்று 130 பிராங்குக்கு விலைபோனது. ஓவியருக்கு 110 பிராங்க், கடைக்கு 20. மத்தீஸுக்கு அப்போது வயது 32. வீட்டில் பிள்ளைகள், கையில் காசில்லை. அவருடைய ஓவியத்தை விற்றுக்கொடுத்த முதல் வணிகர் என்று இன்று கலை வரலாறு அந்தக் கடைக்காரரைத்தான் குறிப்பிடுகிறது. பெயர் பெர்த் வெய்ல். பிக்காசோவின் ஓவியத்தைப் பாரிஸில் முதலில் விற்றதும் அவர்தான். இத்தாலிய ஓவியர் மொடில்யானி உயிரோடிருந்தபோது அவருக்கு நடந்த ஒரே தனிக் கண்காட்சியும் அவருடைய கூடத்தில்தான் நடந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் பெரும் பணக்காரராக, பேர் சொல்லும் சேகரிப்போடு கண்மூடியிருக்க வேண்டும். வெய்ல் வறுமையில் முதுமையைக் கழித்தார். அவர் ஏமாளியாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. அந்த 20 பிராங்குக்குள்ளேயே அவருடைய கதை முழுதும் இருக்கிறது. சிறிய கேலரி என்ற தொழில் எப்படி நடக்கிறது, ஏன் அது கண்டெடுக்கும் ஆட்களை அதனால் கையில் வைத்துக்கொள்ள முடிவதில்லை என்பதை அவருடைய நாற்பது வருடக் கணக்கைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

வெய்ல் 1865இல் பாரிஸில் பிறந்தார். அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த யூதக் குடும்பம். பிள்ளைகள் பலர், வருமானம் கொஞ்சம். இளம் வயதிலேயே சல்வதோர் மாயர் என்ற உறவினரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாயர் பழம்பொருட்களும் அச்சுப்படங்களும் விற்பவர். கடை இருந்தது லாஃபித் தெருவில். அந்நாளில் பாரிஸின் ஓவிய வியாபாரம் அந்தத் தெருவில்தான் குவிந்திருந்தது. இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குத் துணைநின்ற துய்ரான் ருயெல் அங்கேதான் இருந்தார். செசானின் முதல் பெரிய தனிக் கண்காட்சியை 1895இல் நடத்திய வொலாரும் அங்கேதான். எந்தத் தாளை எந்தக் காலத்தில் அச்சடித்திருப்பார்கள், எந்தக் கையெழுத்து அசல், வாங்க வருபவர் எப்போது விலையைக் குறைக்கச் சொல்வார் என்பதெல்லாம் வெய்லுக்கு அங்கே கைவந்தது. கலைக் கல்லூரியில் படித்து வந்த ரசனை இல்லை அது. கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகிய கண்.

மாயர் இறந்த பிறகு, தன் சகோதரரோடு சேர்ந்து விக்தோர் மாஸே தெரு 25ஆம் எண்ணில் சொந்தமாகக் கடை போட்டார். பிகால் வட்டாரம், மோன்மார்த்ர் குன்றின் அடிவாரம். வாடகை குறைவு, ஓவியர்கள் கூப்பிடு தூரத்தில். துணிச்சலுக்கு அப்போதே குறைவில்லை. பொய்யான தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட யூத ராணுவ அதிகாரி திரைஃபுஸின் வழக்கில் பிரான்ஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தபோது, அவருக்காக எழுதியதற்காகக் கும்பல் சூழ அவமதிக்கப்படும் எழுத்தாளர் எமில் ஸோலாவை ஆன்ரி த குரூ வரைந்த ஓவியத்தைக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தார். யூதப் பெண் ஒருத்தி அன்றைய பாரிஸில் அதைச் செய்வது, வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை வேண்டாமென்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான். வசை கிடைத்தது. படத்தை அவர் எடுக்கவில்லை.

கடை எப்படி கேலரியானது என்பதைச் சொல்வதற்கு முன், அன்று ஓவியங்கள் எங்கே விற்றன என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சு ஓவியருக்கு ஒரே பெரிய வாசல் சலோன் என்ற அரசுக் கண்காட்சி. நடுவர் குழு ஏற்றால் சுவர், ஏற்காவிட்டால் தெரு. 1881இல் அரசு அதிலிருந்து விலகியது. 1884இல் நடுவர் இல்லாத சுயேச்சைகளின் சலோன் வந்தது. காட்டுவதற்கு இடம் கிடைத்தது, ஆனால் ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே ஒரு இளைஞனின் படத்தை யார் நின்று பார்ப்பார்கள்? பார்த்தாலும், அடுத்த மாதம் வாங்க வேண்டுமென்றால் எங்கே போவார்கள்?

இந்த இடைவெளியில் இரண்டு வகையான வணிகர்கள் இருந்தார்கள். மேலே துய்ரான் ருயெல் போன்றவர்கள். ஓவியரின் படைப்புகளை மொத்தமாக வாங்கி, வங்கிக் கடனில் வருடக்கணக்காகத் தாங்கி, விலையை ஏற்றிப் பிறகு விற்பவர்கள். கீழே, படத்தை வாங்கிக்கொண்டு வர்ணம் கொடுத்த தாங்கி போன்ற வர்ணக் கடைக்காரர்கள், மெத்தையும் தட்டுமுட்டுச் சாமானும் விற்கிற கடையில் படங்களையும் சாய்த்து வைத்திருந்த சூலியே போன்றவர்கள். (இந்தச் சூலியே கடையில்தான் ஆன்ரி ரூஸோ வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படத்தைப் பிக்காசோ 5 பிராங்குக்கு வாங்கினார். மேலே வேறு படம் வரைந்துகொள்ளலாம், கித்தான் நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தப் படம் இன்று பாரிஸின் பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) இந்த இரண்டு தட்டுக்கும் நடுவே, முதலீடு இல்லாமல், ஆனால் இன்று வரைகிறவர்களை மட்டுமே காட்டுவேன் என்ற பிடிவாதத்தோடு ஒரு இடம் அநேகமாக இல்லை. வெய்ல் போய் உட்கார்ந்தது அங்கே.

1900இல் பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்கு வந்த 19 வயதுப் பிக்காசோவை வெய்லிடம் கொண்டுவந்தவர் பேரே மான்யாக். கட்டலான்காரர், தன் நாட்டு இளம் ஓவியர்களுக்குத் தரகராக இருந்தவர். காளைச் சண்டைக் காட்சிகள் மூன்றை வெய்ல் 100 பிராங்குக்கு வாங்கி, 150க்கு விற்றார். சீக்கிரமே பிக்காசோவின் பெரிய படம் ஒன்று கைக்கு வந்தது. மூலேன் த லா கலேத் என்ற நடனக்கூடத்தின் இரவு விளக்கொளியில் ஆடும் கூட்டம். துலூஸ் நகரப் பத்திரிகை அதிபர் ஆர்தர் யுக் அதை 250 பிராங்குக்கு வாங்கினார். இன்று அது நியூயார்க்கின் குகென்ஹைம் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

மான்யாக்கின் துணையோடு 1901 டிசம்பர் 1ஆம் தேதி அந்தக் கடை முறைப்படி கேலரியாகத் திறந்தது. முதல் போட்டது கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனப் பணம். வெய்ல் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அது சொந்த விருப்பமாக இருக்கலாம். ஆனால் பிரான்சில் மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907 சட்டத்தால்தான் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1901இல் அவர் கணவரோடு இருந்திருந்தால் அந்தக் கல்லாப்பெட்டி சட்டப்படி அவருடையதாக இருந்திருக்காது. கடைப் பெயரும் 'பி. வெய்ல்' என்றுதான் இருந்தது. உள்ளே வந்த பிறகுதான் முதலாளி பெண் என்று தெரியும். அறிமுக அட்டையில் அவர் அச்சடித்த வாசகம்: 'இளையவர்களுக்கு இடம் விடுங்கள்'.

இடம் என்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஒடுங்கிய அறை. சுவர் போதாமல், ஈரம் காயாத படங்களைக் குறுக்கே கட்டிய கயிற்றில் துணி மாட்டும் கிளிப்பால் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். உயரம் குறைந்த, தடித்த கண்ணாடி போட்ட, நாக்கில் விஷம் வைத்திருந்த அம்மாள். ஓவியர்கள் 'வெய்ல் அம்மா' என்று அழைத்தார்கள். அதில் பாசமும் உண்டு, கேலியும் உண்டு. வாரக்கணக்கில் படம் எதுவும் விற்காதபோது பழைய புத்தகம், பழம்பொருள், அச்சுப்படம் விற்று வாடகை கட்டினார். கேலரியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பழைய புத்தகங்களைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நாற்பது வருடம் கதவு திறந்திருந்ததற்குக் கலைக் கொள்கையைவிட இவையே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

1902இல் மட்டும் பிக்காசோவை மூன்று முறை காட்டினார். மத்தீஸ், மார்க்கே, மாங்கேன், கமுவான் என்று ஒரு குழு வருடா வருடம் அங்கே கூடியது. துய்ஃபி, தெரான், விளாமிங்க் பின்னால் வந்தார்கள். 1905 இலையுதிர்கால சலோனில் இந்தக் கூட்டத்தின் காட்டுத்தனமான வர்ணங்களைப் பார்த்து ஒரு விமர்சகர் 'ஃபோவ்', அதாவது காட்டு விலங்குகள், என்று எழுதினாரே, அதே வாரங்களில் அதே ஓவியர்கள் வெய்லின் சிற்றறையிலும் மாட்டப்பட்டிருந்தார்கள். சலோனில் பார்த்துச் சிரித்தவர்கள் போக, பார்த்து அசந்தவர்கள் வந்து வாங்க ஓர் இடம் வேண்டாமா? அது இது. 1907இல் ரொபேர் தெலோனேயும் மெத்ஸாஞ்சேயும் சேர்ந்து இங்கே காட்டினார்கள். 1914இல் தியேகோ ரிவேராவின் முதல் பாரிஸ் தனிக் கண்காட்சி இங்கே.

பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். நாற்பது வருடத்தில் 300க்கும் மேற்பட்ட கலைஞர்கள். ஆனால் பட்டியல் நீளநீளவே தொழிலின் ஓட்டை தெரிகிறது. இவர்களில் பிற்பாடு விலையேறிய அநேகமாக ஒவ்வொருவரும் வெய்லை விட்டுப் போனார்கள். வொலார் 1905இல் தெரானின் பட்டறையை மொத்தமாக வாங்கினார், அடுத்த வருடம் விளாமிங்கின் பட்டறையை. அதே 1906இல் பிக்காசோவிடம் ஒரே தடவையில் 2,000 பிராங்குக்குப் படங்களை அள்ளிக்கொண்டு போனார். மத்தீஸ் 1909இல் பெர்னைம் ழேன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பிக்காசோ 1912 டிசம்பரில் கான்வைலரோடு.

கான்வைலரின் கதையை வெய்லின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவர் கடையும் சின்னதுதான். 1907இல் வின்யோன் தெரு 28ஆம் எண்ணில் திறந்தபோது அறையின் பரப்பு 16 சதுர மீட்டர். வித்தியாசம் பணத்தில் இருந்தது. வசதியான உறவினர்கள் கொடுத்த 25,000 தங்க பிராங்கை வைத்துத் தொடங்கினார். அவர் செய்த முக்கியமான காரியம் கண்காட்சி வைப்பது அல்ல. ப்ராக், தெரான், பிக்காசோ, கிரி, லெஜே ஆகியோரின் படைப்பு முழுவதையும் தனக்கு மட்டும் என்று எழுதி வாங்கினார். ஓவியருக்கு மாதாமாதம் பணம், கான்வைலருக்குச் சரக்கு. பிறகு விலை ஏறும்வரை காத்திருந்தார்.

காத்திருக்க முடிகிறதா இல்லையா, கேள்வி அவ்வளவுதான். கான்வைலர் கடைக்கு ஆண்டு வாடகை 2,400 பிராங்க். வெய்லின் வட்டாரம் அதைவிட மலிவு, இருந்தாலும் ஒரு கணக்குக்காக அதையே எடுத்துக்கொள்வோம். மத்தீஸ் படத்தில் கிடைத்ததுபோல ஒரு படத்துக்கு 20 பிராங்க் வீதம் கிடைத்தால், அப்படி ஒரு வாடகை கட்டவே வருடத்துக்கு 120 படம் விற்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று. யாரும் பெயர் கேள்விப்படாத ஓவியர்களின் படம். அந்த நிலைமையில் ஒரு பிக்காசோவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பத்து வருடம் கழித்து விற்கலாம் என்பது நல்ல யோசனைதான், நாளைய அடுப்புக்கு விறகு இருப்பவர்களுக்கு. வெய்ல் வாங்கியதை உடனே விற்றார், விற்ற பணத்தில் அடுத்த இளைஞனின் படத்தை வாங்கினார். 100க்கு வாங்கி 150க்கு விற்பது நல்ல லாபம்தான். அந்த லாபம் அன்றோடு முடிந்துவிடும்.

ஓவியர்களை ஒப்பந்தத்தில் கட்டவும் அவர் முயலவில்லை. மாதச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாதவர் எதைக் காட்டிக் கட்டுவது என்பது ஒரு பக்கம். ஆனால் அவர் பிற்காலத்தில் எழுதியதைப் படிக்கும்போது, பதுக்கி வைத்து விலையேற்றும் வேலையின் மேலேயே அவருக்கு ஓர் அருவருப்பு இருந்தது தெரிகிறது. இல்லாமையையும் கொள்கையையும் இங்கே பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். பணம் இருந்திருந்தால் வெய்ல் ஒரு கான்வைலர் ஆகியிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. கான்வைலர் தேர்ந்தெடுத்தது ஐந்தாறு பேரை. வெய்ல் முந்நூறு பேரைக் காட்டினார். இரண்டும் வேறு வேறு வேலை.

லாபம் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒரு நல்ல சாட்சியம் 1914இல் கிடைத்தது. பத்து வருடம் முன்பு ஆந்த்ரே லெவல் என்பவர் தன் நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். 'கரடித்தோல்' என்று பெயர். ஆளுக்கு ஆண்டுக்கு 250 பிராங்க் போடுவது, புதிய ஓவியர்களின் படங்களை வாங்குவது, பத்து வருடம் வீட்டுச் சுவர்களில் மாட்டி ரசிப்பது, பிறகு மொத்தமாக ஏலம் விடுவது. அவர்கள் படம் வாங்கிய கடைகளில் வெய்லின் கடையும் ஒன்று. 1914 மார்ச் 2ஆம் தேதி துரூவோ ஏலக்கூடத்தில் 145 படைப்புகள் விலைக்கு வந்தன. 1908இல் 1,000 பிராங்குக்கு வாங்கிய பிக்காசோவின் கழைக்கூத்தாடிக் குடும்பம் 12,650 பிராங்குக்குப் போனது. போட்ட பணம் பல மடங்காகத் திரும்பியது. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அன்றைய வழக்கத்தில் இல்லாத பெருந்தன்மை அது. அந்தப் படங்களை முதலில் சுவரில் மாட்டி, வாங்கச் சொல்லிப் பேசி, வாடகை கட்டிய கடைக்கு எந்தக் கணக்கிலும் பங்கு வரவில்லை. கேட்கவும் முடியாது. விற்ற பொருள் விற்றதுதான்.

1917இல் கேலரி தெய்புத் தெரு 50ஆம் எண்ணுக்கு மாறியது. போர் நடந்துகொண்டிருந்தது. போலந்துக் கவிஞரும் ஓவிய வணிகருமான ஸ்போரோவ்ஸ்கி, தான் ஆதரித்துவந்த மொடில்யானிக்கு ஒரு தனிக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று கேட்டார். டிசம்பர் 3ஆம் தேதி திறப்பு விழா. பிளேஸ் சாந்த்ரார் எழுதிய கவிதை ஒன்று பட்டியலில் அச்சாகியிருந்தது. தெருவைப் பார்த்த கண்ணாடி வழியாக உள்ளே இருந்த நிர்வாண ஓவியங்கள் தெரிந்தன. மாலை விளக்கில் கூட்டம் சேர்ந்தது. எதிர்ச்சாரியில் காவல் நிலையம் இருந்தது யோகமா துரதிருஷ்டமா தெரியாது. அதிகாரி வெய்லை வரச் சொன்னார். நிரம்பிய தெருவைக் கடந்து, கூட்டத்தின் கேலிக்கு நடுவே போன வெய்லிடம், அந்த அசிங்கத்தையெல்லாம் இறக்கச் சொன்னார். என்ன குற்றம் என்று கேட்டால், அந்த நிர்வாணங்களுக்கு மயிர் இருக்கிறது என்பதுதான் புகார். அகாதெமி ஓவியங்களில் பளிங்குபோல வழவழத்த உடம்புகள் நூறு வருடமாகத் தொங்கலாம். உண்மையான பெண்ணின் உடம்பு தெருவில் தெரியக்கூடாது. படங்களை இறக்க வேண்டியதாயிற்று.

விற்றது 30 பிராங்க் வீதம் இரண்டு வரைபடங்கள். ஸ்போரோவ்ஸ்கி மனம் உடைந்துவிடக் கூடாது என்று வெய்ல் தானே ஐந்து ஓவியங்களை வாங்கினார். மொடில்யானி 1920 ஜனவரியில் இறந்தார், வயது 35. அந்த நிர்வாண வரிசையைச் சேர்ந்த ஓவியம் ஒன்று 2015இல் நியூயார்க் ஏலத்தில் 17 கோடி டாலருக்கு மேல் போனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஆச்சரியப்படுவது சுலபம், எல்லாரும் செய்கிறார்கள். எனக்கு அந்த ஐந்து ஓவியங்கள்தான் முக்கியமாகப் படுகிறது. காவல்துறை வந்துபோன, போர்க்காலத்து, இரண்டு வரைபடம் மட்டும் விற்ற கண்காட்சியில் கடைக்காரரே வாடிக்கையாளராகிறார். சிறிய கேலரிகளின் கணக்குப் புத்தகங்களில் இது எங்கும் நடப்பது. யாரும் வாங்காதபோது முதலாளி வாங்குவார், வாடகைக்கு நெருக்கடி வரும்போது வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்.

1920இல் அவர் தொழில் கற்ற அதே லாஃபித் தெருவில், 46ஆம் எண்ணுக்கு வந்தார். இருபதுகளில் பாரிஸில் பணம் புரண்டது, கேலரியும் ஓரளவு மூச்சுவிட்டது. பெண் ஓவியர்களை ஆண்களோடு ஒரே சுவரில், தனி அடைமொழி எதுவும் இல்லாமல் மாட்டுவதை அவர் தொடக்கத்திலிருந்தே வழக்கமாக வைத்திருந்தார். எமிலி ஷார்மி, சுஸான் வலதோன், ழாக்லின் மார்வால், மரி லோரான்சேன், எர்மின் தவித். இவர்களில் ஷார்மி கடைசிவரை நெருங்கிய தோழியாக இருந்தார், வெய்லை வரைந்தும் இருக்கிறார். பிக்காசோவும் வெய்லின் உருவத்தை வரைந்தார்.

1933இல் தன் முப்பது வருட நினைவுகளைப் புத்தகமாக்கினார். வாடிக்கையாளர்களின் கஞ்சத்தனம், சக வணிகர்களின் தந்திரம், ஓவியர்களின் நன்றிகெட்டதனம் எதுவும் அதில் தப்பவில்லை. ஓவிய வணிகர் ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பில் பணம் வராத கதைகளே அதிகம் இருப்பது அபூர்வம். பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. அடுத்த வருடமே ஆற்றின் மறுகரையில், சென் தோமினிக் தெரு 27ஆம் எண்ணுக்குக் கடை நகர்ந்தது. எழுபது வயதிலும் புதியதைத் தேடுவதை விடவில்லை. முப்பதுகளின் கடைசியில் ஓட்டோ ஃப்ரோய்ண்ட்லிஷ் போன்ற அரூப ஓவியர்களைக் காட்டினார்.

பிறகு ஜெர்மானியர் வந்தார்கள். யூதர்களின் வணிகங்களைப் பறிக்கும் ஆணைகள் 1940 இலையுதிர்காலத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. 1941இல் கேலரி மூடியது. வெய்ல் நாடுகடத்தப்படாமல் தப்பித்தார். ஃப்ரோய்ண்ட்லிஷ் தப்பவில்லை, 1943இல் வதைமுகாமில் கொல்லப்பட்டார். போர் முடிந்தபோது வெய்லுக்கு எண்பது வயது. கையில் எதுவும் இல்லை, கண்பார்வையும் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1946 டிசம்பரில் ஓவியர்களும் வணிகர்களும் சேர்ந்து 80க்கும் மேற்பட்ட படைப்புகளை நன்கொடையாகக் கொடுத்து, அவருக்காக ஓர் ஏலம் நடத்தினார்கள். மிஞ்சிய காலத்துக்கு அந்தப் பணம் போதுமானதாக இருந்தது. 1948இல் பிரெஞ்சு அரசு லெஜியோன் தொனர் விருது கொடுத்தது. 1951இல் இறந்தார்.

அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு அவர் பெயர் அடிக்குறிப்புகளில் மட்டும் இருந்தது. பெண் என்பதால் மறந்தார்கள் என்பது உண்மை, ஆனால் முழு விளக்கம் ஆகாது. துய்ரான் ருயெலின் குடும்பம் அவருடைய ஆவணங்களைக் கட்டிக் காத்தது. வொலார் விட்டுச்சென்ற கையிருப்பு மலைபோல இருந்தது. கான்வைலர் 1979வரை வாழ்ந்து, கியூபிசம் பற்றி எழுதி, நீண்ட பேட்டிகள் கொடுத்தார். கலை வணிகத்தின் வரலாறு ஒப்பந்தங்களையும் சரக்கேடுகளையும் வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஒப்பந்தமும் போடாமல், சரக்கும் வைக்காமல், வாரிசும் இல்லாமல் போன ஒருவரின் வரலாற்றை அழைப்பிதழ்களிலிருந்தும் சின்னச் சின்னப் பட்டியல்களிலிருந்தும் பத்திரிகைத் துணுக்குகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வேலை இந்த நூற்றாண்டில்தான் நடந்தது. 2024இல் நியூயார்க்கின் கிரே கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, மொன்ட்ரியால் வழியாக, 2025 அக்டோபரில் பாரிஸின் ஓரான்ழரி அருங்காட்சியகத்துக்கு வந்தது அவர் பெயரிலான பெரிய கண்காட்சி.

இது ஒரு பழைய பாரிஸ் சோகம் மட்டுமென்று தள்ளிவிட முடியாது. பெட்டி பார்சன்ஸ் 1946இல் நியூயார்க்கின் 57ஆம் தெருவில் கேலரி திறந்தார். பின்னாளில் பெரும்பேர் எடுத்த அமெரிக்க ஓவியர்கள் பொல்லாக், ராத்கோ, நியூமன், கிளிஃபர்ட் ஸ்டில் எல்லாரும் அங்கே இருந்தார்கள், அப்போது யாரும் வாங்கவில்லை. சில வருடம் கழித்து, மற்றவர்களைக் கழற்றிவிட்டு எங்கள்மேல் மட்டும் கவனம் வையுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பார்சன்ஸ் மறுத்தார், புதியவர்களைக் காட்டுவதுதான் தன் வேலை என்று. பொல்லாக்கும் ராத்கோவும் சிட்னி ஜானிஸ் என்ற வணிகரிடம் போனார்கள். ஜானிஸின் கேலரி அதே கட்டடத்தில், அதே மாடியில் இருந்தது.

இன்று கமிஷன் மாறிவிட்டது. வெய்ல் அந்த மத்தீஸ் படத்தில் எடுத்தது 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இன்றைய கேலரிகளில் பாதிக்குப் பாதி என்பதே வழக்கம். படம் ஓவியருடையது, கேலரி அதை வாங்குவதில்லை, விற்றால் ஆளுக்குப் பாதி. ஓவியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் வாடகை, சம்பளம், படத்துக்குச் சட்டம் போடுவது, அனுப்புவது, காப்பீடு, கலைச் சந்தைகளில் கடை போடும் செலவு எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்க வேண்டும். கலைச் சந்தை என்ற செலவு வெய்லுக்கு இருக்கவில்லை. 1967இல் கொலோனிலும் 1970இல் பாசலிலும் தொடங்கி உலகெங்கும் பரவிய இந்தச் சந்தைகளுக்குப் போகாவிட்டால் சேகரிப்பாளர் கண்ணில் படமுடியாது. போனால் ஒரு வாரத்துக் கடைவாடகை பல மாத வாடகையை விழுங்கிவிடும்.

அடிப்படைக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஓர் ஓவியரை 25 வயதில் எடுத்து, நான்கு கண்காட்சி நஷ்டத்தில் நடத்தி, விமர்சகர்களைக் கூட்டிவந்து, விலை ஏறத் தொடங்கும்போது பெரிய கேலரியின் அழைப்பு வந்துவிடுகிறது. ஓவியர் போவதில் தவறில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, பெரிய இடத்தில் பெரிய வேலை செய்யும் ஆசை இருக்கிறது. ஓவியரைப் பாதுகாக்கச் சட்டமே உண்டு. பிரான்ஸ் 1920இலேயே, படம் மறுபடி ஏலத்தில் விற்கும்போது விலையில் சிறு பங்கு ஓவியருக்கோ வாரிசுக்கோ போகவேண்டும் என்று சட்டம் இயற்றியது. வெய்ல் லாஃபித் தெருவுக்குத் திரும்பிய அதே வருடம். ஓவியரை முதலில் காட்டிய கடையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அதன் வழியில் பின்னால் வந்த சட்டங்களும் அந்தக் கடையைக் கண்டுகொள்ளவில்லை.

பெரிய கேலரிகளே இதை உணராமல் இல்லை. 2018இல் பெரிய கேலரி அதிபர்களில் ஒருவரான டேவிட் ஸ்வெர்னர், சந்தைகளில் பெரியவர்கள் கூடுதலாகக் கட்டி, சிறியவர்களின் செலவைக் கொஞ்சம் தாங்கலாம் என்று சொன்னார். அதே வருடம் பாசல் நகரக் கலைச் சந்தையான ஆர்ட் பாசல், கடையின் பரப்புக்கு ஏற்பக் கட்டணம் ஏறும் முறையை அறிவித்தது. சிறிய கடைக்குச் சதுர மீட்டர் விலை குறைந்தது. உதவிதான். ஆனால் அது கடைவாடகையைத் தொடுகிறது, ஓவியர் கைமாறும் இடத்தைத் தொடவில்லை. கால்பந்தில் ஆட்டக்காரர் பெரிய அணிக்குப் போகும்போது, சிறுவயதில் பயிற்சி கொடுத்த சின்ன அணிக்கு ஒரு தொகை போகிறது. ஓவிய உலகிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது.

எழுந்த இடத்திலேயே அது நின்றுவிடுவதற்குக் காரணம் பெரியவர்களின் பேராசை மட்டும் இல்லை. கைமாற்றுத் தொகை கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தம் வேண்டும், அதில் கால வரையறையும் தனியுரிமையும் வேண்டும். அதாவது ஓவியரைக் கட்ட வேண்டும். கட்டுவதென்று முடிவுசெய்துவிட்டால் முந்நூறு பேரைக் கட்ட முடியாது. யார் தேறுவார் என்று முன்கூட்டியே தீர்மானித்து ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 1902இல் அப்படித் தீர்மானித்திருந்தால் வெய்லின் பட்டியலில் 32 வயதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத மத்தீஸ் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.